அறுக்காமல் வாங்கிய உடம்பு

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! மூன்று தடவை சொல்லிவிட்டேன், போதுமா? போதாதென்றால் அந்தப் பெட்டிக்கடையில் ஒரு கட்டிக் கற்பூரம் வாங்கி வாருங்கள், கொளுத்தி, கையால் அடித்து அணைத்துக் காட்டுகிறேன். நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறேன் என்றால், தம்பி, என்னைத் தெரிந்தவன் எவனாவது பக்கத்தில் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பான். எங்கள் பக்கம் ரீல் அத்தியப்பன் என்றால்தான் ஆட்களுக்கு என்னைத் தெரியும். மாட்டுத் தரகு. நாற்பது வருஷம் சந்தையில் பேசியே பிழைத்தேன். ஒரு தடவை இரண்டு கண்ணும் தெரியாத எருமையை, "இது கூச்ச சுபாவமுங்க, ஆம்பளைங்க மூஞ்சிய நிமிந்து பாக்காது" என்று சொல்லி விற்றேன். வாங்கினவன் அடுத்த சந்தைக்கு வந்து சண்டையா போட்டான்? "ஏனுங், எம் பொண்டாட்டி மூஞ்சியவும் பாக்க மாட்டேங்குதே" என்று கேட்டான். "பழகட்டும்" என்றேன். அது கிடக்கட்டும்.

நீங்கள் அந்த வெள்ளைத்தாளை மடித்து வையுங்கள். ஒரு பத்து நிமிஷம். உள்ளே கிடப்பது உங்கள் மச்சினன், கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்தவன், அப்படித்தானே? வலிப்பு வந்து விழுந்தான், யார் மேலும் சந்தேகமில்லை, அறுக்க வேண்டாம் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் உடம்பைக் கொடுத்துவிடுவார்கள் என்று அந்தக் கோடு போட்ட சட்டைக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. கான்ட்ராக்டர் ஆளா? உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்தானே? இருக்கட்டும், நல்லவராகத்தான் இருப்பார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் நல்லவர்தான்.

நாலு வருஷம் ஆகிறது. என் மகன் செங்கோடன் ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் பார்த்தான். ஆலையின் பெயர் வேண்டாம். கிழங்கை அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் விடுவார்கள், தரை பன்னிரண்டு மாசமும் ஈரம். பம்புக்குப் போகும் ஒயரில் ரப்பர் உரிந்துபோய், அதன்மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி வைத்திருந்தார்கள். "அப்பா, அந்த மோட்டாரைத் தொட்டா விரல் சுண்டுது" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "ரப்பர் செருப்புப் போட்டுக்கடா" என்றேன். என்னிடம் யோசனை கேட்டு வீணாய்ப் போனவர்கள் கிடையாது, தம்பி. அவன்தான் கேட்கவில்லை. பிய்ந்த செருப்போடுதான் போனான்.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டது. இதே ஆஸ்பத்திரி, இதே பிணவறை. அப்போது இந்தத் தகரக் கூரை கிடையாது, வெயிலில்தான் நின்றோம். என் மருமகள் வளர்மதி ஆட்டோவிலிருந்து இறங்கினவள் நேரே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அவர அறுக்க உட்றாதீங்க மாமா. முழுசாக் கொண்டாந்து குடுத்துருங்க. எண்ணெய் அரப்பு வெச்சு அனுப்போணும் மாமா."

உங்களுக்குத் தெரியும்தானே? அறுத்துத் தைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தால் எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய் கிடையாது, தலைக்குத் தேய்க்க அரப்பு கிடையாது, ஒரு குடம் தண்ணீர் கிடையாது. வாசலில் ஒரு நிமிஷம் இறக்குவார்கள், பிறகு நேரே சுடுகாடு. தாலி கட்டினவள் கேட்கிறாள். நான் என்ன செய்ய? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அப்போதுதான் ஆலை மேனேஜர் டீயோடு வந்தார். தங்கமான மனுஷன். எனக்குச் சர்க்கரை போடாத டீ வேண்டுமென்று கேட்டு வாங்கி வந்திருந்தார், பார்த்துக்கொள்ளுங்கள். தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "பெரியவரே, கரண்டுங்கற சொல்லு வாயில வந்துச்சுன்னா கத்தி வெக்காமக் குடுக்க மாட்டாங்க. நெஞ்சு வலின்னா வேற கதை. அதுக்கும் சொல்ற விதத்துல சொல்லோணும். உங்க வாய்க்கு எஸ்.ஐ. என்னங்க, கலெக்டரே ஆமாம்பாரு. குருட்டெருமைய வித்த வாயில்லைங்களா அது?"

என் மகன் உள்ளே சிமென்ட் மேடையில் கிடக்கிறான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமை வந்தது, தம்பி. மறைப்பானேன்? வந்தது.

எஸ்.ஐ. அருள்தாஸ் என்று ஒருத்தர். சின்ன வயசு, புதுசு. தாளை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க பெரியவரே" என்றார். நான் ஆரம்பித்தேன். ஆகா, அந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! சந்தையில்கூட நான் அப்படிப் பேசினதில்லை. "ஏழு வயசுலயே நெஞ்சுல ஓட்டைங்க ஐயா. மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரிய டாக்டர் கொழாய வெச்சுக் கேட்டுட்டு, பெரியவரே, இது மூணு தடவ அடிக்குது, நாலாவது தடவ யோசிக்குதுன்னார். பலூன் ஊதக்கூடாதுன்னார். நாதஸ்வரக்காரன் பக்கத்துலயே நிக்கக்கூடாதுன்னார்." எழுதிக்கொண்டே வந்தவர் எழுதுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நம்பிக்கை இறங்குகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கொண்டுபோய் ஒன்றை வைத்தேன். "கல்யாணத்தன்னைக்கு ரெண்டு முடிச்சுப் போட்டானுங்க ஐயா. மூணாவது முடிச்சுக்கு மூச்சு வாங்கிப் போச்சு. அவங்க அக்காதான் போட்டா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எல்லாக் கல்யாணத்திலும் நாத்தனார்தான் மூன்றாம் முடிச்சுப் போடுகிறாள், எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியாதா? அருள்தாஸ் வேதக்காரர், கிறிஸ்தவர், அவருக்குத் தெரியவில்லை. அதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஏட்டு எங்கள் ஆள், அவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. எஸ்.ஐ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்க பெரியவரே. நான் பாத்துக்கறேன்" என்றார். ஊர்க்காரர்கள் ஐந்து பேர் போட்டார்கள். ஒரு மணிக்கு உடம்பு வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. மேனேஜரே வேன் ஏற்பாடு செய்தார், மாலையும் அவர் செலவு.

வீட்டுக்குள் கிடத்தி, எண்ணெய் வைத்தார்கள். வளர்மதியும் கை வைத்தாள். அவன் வலது கை மூடியிருந்தது. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கை கருத்துக் கிடந்தது, நடுவில் மிளகு பதிந்த மாதிரி ஒரு குழி. குதிகாலிலும் அதே மாதிரி ஒன்று.

"மாமா, இங்க பாருங்க."

பார்த்தேன். "தேய் அம்மிணி, நேரமாச்சு" என்றேன்.

நாலு மணிக்குக் கொள்ளி வைத்தாயிற்று.

காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவள் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். நான்தான் கூட்டிப் போனேன். கிருபாகரன் என்று பெயர், பேக்கரிக்கு மேலே ஆபீஸ், உட்கார்ந்திருக்கும்போதே மூக்கில் நெய் வாசம் அடிக்கும். நன்றாகப் பொறுமையாகச் சொன்னார். வேலை செய்கிற இடத்தில் வேலையால் ஒருத்தர் செத்தால் ஆலை பொறுப்பு, லேபர் ஆபீசில் மனுப் போடலாம், இவ்வளவு வருஷத்துக்குள் போடவேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா எப்பிடிச் செத்தாருங்கறது மொதல்ல நிக்கோணுமுங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் குடுங்க" என்றார்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். நான் பேக்கரி வாசத்தைப் பார்த்தேன்.

"இல்லீங்க சார்" என்றாள். "அறுக்க வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "போலீஸ் பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்" என்றார்.

"பணம் கெடக்கட்டுங்க சார். அவரு கரண்டு அடிச்சுச் செத்தாருன்னு ஒரு தாள்ல யாராச்சும் எழுதித் தரோணும். அவ்வளவுதான்."

ஏன் அப்படிக் கேட்டாள் தெரியுமா? என் பேத்திக்கு அப்போது ஐந்து வயசு. அப்பனுக்கு நெஞ்சில் ஓட்டை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. யார் பரப்பினார்களோ! பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் அவளைச் சேர்க்கவில்லை. "வம்சத்துல இருக்கற நோவு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று டீச்சர் ஓரமாக உட்கார வைத்துவிட்டார். இப்போது ஒன்பது வயசு. இன்னும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரிடம் காட்டி, ஒன்றும் இல்லை என்று சீட்டு வாங்கிக் கொடுத்தும் ஆயிற்று. டீச்சர் சீட்டைப் படித்துவிட்டு, "அவங்கப்பாவும் பாக்க நல்லாத்தான இருந்தாரு" என்றாராம்.

போலீஸ் பேப்பர் வந்தது. வக்கீல் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பெரியவரே, நெசத்தச் சொல்லுங்க. இது நீங்க சொன்னதா? சொல்லியிருந்தாப் பரவால்ல. அறுக்காம வாங்கறதுக்காகப் பொய் சொன்னேன்னு ஆபீசர் முன்னால ஒத்துக்குங்க. புள்ளயப் பறிகுடுத்த அப்பன் அப்பிடிச் சொல்றது அவங்களுக்குப் புதுசில்ல. உங்க மருமக பாத்த காயத்தையும் சேத்து வெச்சா ஒரு வழி இருக்கு. போலீசே எழுதிக்கிச்சுன்னு சொன்னீங்கன்னா அத நாம நிரூபிக்கோணும். அது ஆகற காரியமில்ல."

கதவுக்கு அடியில் அவள் செருப்பு தெரிந்தது, தம்பி. கதவை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

"சே சே, நான் எதுக்குங்க அப்பிடிச் சொல்றேன்? வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டத்தின் கோளாறு. லேபர் ஆபீசில் விசாரணை. ஆலை வக்கீல் என் வாக்குமூலத்தை எழுந்து நின்று படித்தார். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. யோசிக்கிற இதயம் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்தாமல் ஓடிவிட்டார். நாதஸ்வரத்தை முழுங்கிவிட்டார். மூன்றாம் முடிச்சு வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளர்மதி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எங்க கல்யாணத்துல அண்ணிதான் முடிச்சுப் போட்டாங்கன்னு போலீசுக்கு எப்பிடித் தெரியும்?"

என் ஆயுசில் என்னைக் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் பெரிய கேள்வி. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே பேசும். "எல்லாக் கல்யாணத்துலயும் நாத்தனார்தானே அம்மிணி மூணாவது முடிச்சுப் போடறா? பொய்ய எழுதறவன் பொருத்தமா எழுதத்தான செய்வான்?" என்றேன்.

அவள் யோசித்தாள். தலையாட்டினாள். "பாவிங்க" என்றாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து என்னுடையது, எழுத்து என்னுடையது இல்லை என்றேன். ஆலை வக்கீல் சிரித்துக்கொண்டே, "ஊருல உங்களுக்குப் பட்டப்பேரு ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார். பின்னால் பெஞ்சில் இருந்து எவனோ, "ரீலு!" என்றான். ஆபீசரம்மாகூடச் சிரித்துவிட்டார். அந்த அறையில் சிரிக்காதவள் என் மருமகள் ஒருத்திதான். எழுந்து நின்று, "எங்க மாமா சந்தையில பொய் சொல்லுவாருங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டாரு" என்றாள்.

மனு தள்ளுபடி. கூட வேலை செய்தவன் ஒருத்தன் இருந்தான், ஒயரைப் பார்த்தவன். அவன் தறிப்பட்டறைக்குப் போய்விட்டான், வந்து சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். மேல்முறையீடும் அப்படியே போனது. மேலே இருக்கிறவர்களும் அதே பேப்பரைத்தானே படிப்பார்கள்?

சரி, போகட்டும் என்று விட்டாளா? விடவில்லை. எஸ்.ஐ. பொய்யாக எழுதிவிட்டார், ஆலைக்காரன் காசு கொடுத்து எழுத வைத்தான் என்று மனு மேல் மனு. எஸ்.பி. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மனித உரிமைக்காரர்கள். அருள்தாஸ் மேல் விசாரணை வைத்துவிட்டார்கள். பதவி உயர்வு நின்றுபோயிற்று, எங்கேயோ மலைமேல் தூக்கிப் போட்டார்கள். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், யூனிபாரம் இல்லாமல். வளர்மதி வேலைக்குப் போயிருந்தாள். "பெரியவரே, அன்னைக்கு நீங்க அழுததப் பாத்துத்தான விட்டேன். நான் ரூல்ஸ் பாத்திருந்தா இன்னைக்கு அந்தம்மா கேசும் நின்னிருக்கும், எம் வேலையும் நின்னிருக்கும்" என்றார். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அரசாங்க உத்தியோகம், அவருக்கு என்ன? இன்று இல்லாவிட்டால் நாளைக்குச் சரியாகிவிடும். எங்களுக்கு அப்படியா?

ஆகையால் உங்கள் வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லுங்கள். அறுக்கட்டும். வாசலோடு போகட்டும், அரப்பு இல்லாமல் போகட்டும். வலிப்பு என்று ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். செத்தவன் தன் பக்கம் பேசுவதற்கு இருக்கிற ஒரே வாய் அந்த ரிப்போர்ட். நாம் பேசினால் நம்ப மாட்டார்கள். நான் பேசியே நம்பவில்லையே!

இன்று ஏன் இங்கே வந்திருக்கிறேன் என்று கேட்கவில்லையே நீங்கள்? வளர்மதி மாடியில் இருக்கிறாள், ஆபீசில். செங்கோடனைக் கொண்டுவந்த அன்று அவசரப் பிரிவு டாக்டர் பெரிய நோட்டில் என்ன எழுதினார் என்று நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். போலீஸ் வருவதற்கு முன்னால் எழுதினது அது. அதில் கைக்காயம் இருந்துவிட்டால் போலீஸ் எழுதினது பொய் என்று ஆகிவிடும், கேசைத் திரும்ப எடுக்கலாம் என்று அவள் கணக்கு. அவளுக்கு மிஞ்சினது இந்த ஒரு தாள்தான்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாலு மாசத்துக்கு முன்னாலேயே தனியாக வந்து கிளார்க்கைப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். காயம் இல்லை. கை மூடியிருந்ததே, டாக்டர் எங்கே பிரித்துப் பார்த்தார்? ஒரே வரி. நெஞ்சில் ஓட்டை, சிறுவயது முதல், தகப்பனார் சொன்னபடி. பக்கத்தில் மணி. பதினொன்று இருபது.

உங்களிடம் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன், தம்பி. சத்தியம் செய்தேனே, இப்போது சரி செய்கிறேன். மேனேஜர் டீ வாங்கிக் கொடுக்கும்போது சொன்னார் என்றேன் அல்லவா? டீ அப்போதுதான். சொன்னது ஆஸ்பத்திரிக்கு வந்த வேனிலேயே. ஆலையிலிருந்து வரும்போது செங்கோடன் தலை என் மடியில் இருந்தது. அவர் முன் சீட்டிலிருந்து திரும்பி எருமைக் கதையை எடுத்தார். டாக்டர், "என்ன ஆச்சு?" என்று கேட்டதும் நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சந்தையில் முதல் விலையை விட்டுப் பார்ப்போமே, அது மாதிரி. டாக்டர் நம்பினார். அதற்குள் போய்விட்டான் என்று சொன்னார். சொன்னாரே, போய்விட்டான் என்று டாக்டர்தானே சொன்னார்?

வளர்மதி ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டு. அறுக்க வேண்டாம் என்று அவள் காலைப் பிடித்தது அதற்கும் பிறகுதான்.

கிளார்க் நல்ல பையன், மூன்று மாசம் நோட்டுக் கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்தான். அவனை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு அம்மா வந்திருக்கிறார், சட்டப்படி முப்பது நாளில் கொடுத்தாக வேண்டுமாம்.

அதோ பாருங்கள், படியில் இறங்கி வருகிறாள். பச்சைச் சேலை. கையில் தாள் இருக்கிறது, பார்த்தீர்களா? அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடி போட்ட ஆள் யார் இருந்தாலும், "சார், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டுவாள். நான் அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நல்லதுக்குத்தான் வந்தேன், சத்தியமாக.

உங்களிடம் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சில் ஓட்டை என்று இருக்கிறது, அதைப் படியுங்கள். மணி இருக்கிறது, அதையும் படியுங்கள். டாக்டர் எழுத்து, யாருக்கு முழுசாகப் புரிகிறது? இந்த ஊரில் என் பேச்சை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான் மிச்சம், தம்பி. கடைசியில் ரெண்டே ரெண்டு சொல் இருக்கும். அதை மட்டும் புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்னது யாரென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.